கொடி அசைந்தது, போர் காணாமற்போனது: கெய்னானின் இரண்டாவது அல்பம்

2010 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்தபோது பல நாடுகளிலும் ஒலித்த பாடல் ‘வேவின் ஃபிளாக்’. கொக்கா கோலா நிறுவனம் அதைத் தனது உலகக் கிண்ண விளம்பரப் பாடலாக்கியிருந்தது. அதைச் சேர்ந்து பாடிய பலருக்கும், அது போரில் நாட்டை இழந்த ஒருவரின் பாடல் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விளம்பரத்துக்காக மாற்றப்பட்ட வடிவத்தில் போர் இருக்கவில்லை.

அந்தப் பாடலின் மூல வடிவம் இடம்பெற்றது ‘ட்ரூபடோர்’ என்ற அல்பத்தில். 2009 பெப்ரவரியில் வெளியான இது, சோமாலியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் கெய்னானின் இரண்டாவது ஸ்ரூடியோ அல்பம். போரைப் பாடிய ஒரு கலைஞர் பெருஞ்சந்தைக்குள் நுழையும்போது எது மாறுகிறது, எது மாறக்கூடாது என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல உதாரணம்.

மொகடிசுவிலிருந்து ரொறன்ரோ வரை

கெய்னான் அப்டி வர்சமே 1978 இல் மொகடிசுவில் பிறந்தவர். பாட்டனார் கவிஞர். அத்தை மகூல், சோமாலியாவின் புகழ்பெற்ற பாடகி. 1991 இல் சியாட் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து தலைநகர் ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கிய காலத்தில், 13 வயதுச் சிறுவனாகத் தாயுடனும் சகோதரர்களுடனும் நாட்டைவிட்டு வெளியேறினார். முதலில் நியூயோர்க், பிறகு ரொறன்ரோவின் மேற்குப் புறத்தில் சோமாலியர்கள் செறிந்து வாழும் ரெக்ஸ்டேல். அதே நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவில் ஈழத்தமிழர்கள் குடியேறிக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஆங்கிலத்தை அவர் ராப் பாடல்களைக் கேட்டே பழகினார். பொருள் விளங்க முன்னரே அதன் ஓசை அவருக்குப் பாடமாகியிருந்தது.

ஐ.நா. அகதிகள் முகவராண்மையின் 50 ஆவது ஆண்டு நிகழ்வொன்றில் மேடையேறியபோது, சோமாலியாவில் ஐ.நா. தவறியதை அந்த மேடையிலேயே அவர் சாடினார். சபையில் இருந்த செனகல் பாடகர் யூசு ந்டூர் அதனால் ஈர்க்கப்பட்டுத் தனது இசை முயற்சி ஒன்றில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் அல்பம்: தண்ணீரும் தோற்கருவியும்

2005 இல் வந்த ‘த டஸ்டி ஃபுட் பிலோசோஃபர்’ எளிமையான ஒலிகளால் ஆனது. கையால் தட்டும் தோற்கருவிகள் அதில் முன்னுக்கு நின்றன. ஒரு பாடலில் தண்ணீரை அடிக்கும் ஓசையே தாளமானது. ‘சூபாக்’ என்ற பாடல் ஆயுதக் குழுத் தலைவர்களை நேரே விளித்தது. ‘வட்ஸ் ஹார்ட்கோர்’ என்ற பாடல், துப்பாக்கியைப் பெருமையாகப் பாடும் அமெரிக்க ராப்பர்களுக்கு மொகடிசுவின் தெருக்களைக் காட்டியது. 2006 இல் கனடாவின் ஜூனோ விருதுகளில் சிறந்த ராப் பதிவுக்கான விருது இதற்குக் கிடைத்தது.

இரண்டாவது அல்பம்: பெரிய ஒலி

‘ட்ரூபடோர்’ அமெரிக்க நிறுவனமான ஏ அன்ட் எம் ஒக்டோன் ஊடாக வெளிவந்தது. பெரும்பகுதி, ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பொப் மார்லியுடன் தொடர்புடைய ரவ் கொங் ஸ்ரூடியோவில் பதிவானது. டேமியன் மார்லி, மொஸ் டெஃப், மரூன் 5 குழுவின் அடம் லெவின், மெட்டாலிக்காவின் கிட்டார் கலைஞர் கேர்க் ஹமெற் ஆகியோர் பங்கேற்றனர். முதல் அல்பத்தில் இருந்த ‘இஃப் ராப் கெற்ஸ் ஜெலஸ்’ பாடல், இங்கே ஹமெற்றின் ரொக் கிட்டாருடன் மீண்டும் பதிவானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒலி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

வானொலியை மனதில் வைத்துச் செய்த பாடல்களும் உண்டு. லெவினுடன் பாடிய ‘பாங் பாங்’ அப்படியானது. முதல் அல்பத்தில் உயிரைப் பறித்த துப்பாக்கிச் சத்தம் இங்கே காதலுக்கு உவமையாகிவிட்டது. பழைய இரசிகர்கள் சிலருக்கு இது உறுத்தியதில் வியப்பில்லை.

ஆனால் அல்பம் முழுவதையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. ‘பாத்திமா’ என்ற பாடல், சிறுவயதில் நேசித்துப் போரில் பறிகொடுத்த ஒரு சிறுமியைப் பற்றியது. ‘பீப்பிள் லைக் மீ’ பாடலில், எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிச்செல்ல வழியில்லாமல் ஓர் உறவுப் பிள்ளையை விட்டுப் புறப்பட வேண்டியிருந்த தாயின் துயரம் வருகிறது. ‘15 மினிற்ஸ் அவே’ காசு வந்துசேரும்வரை பணப்பரிமாற்ற நிலையத்தில் காத்திருப்பவனின் பாட்டு. உண்டியல் காசுக்குக் காத்திருந்த வீடுகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒலி சந்தைக்கு ஏற்றதாக மாறியிருந்தது. பெயர்களும் ஊரும் மாறவில்லை.

ஒரு பாட்டு, மூன்று வடிவங்கள்

மூல ‘வேவின் ஃபிளாக்’ பசியையும் சண்டையையும் வாக்குறுதி தந்து ஏமாற்றியவர்களையும் சொல்லி, அதன் பிறகே கொடியின் நம்பிக்கைக்கு வருகிறது. 2010 ஆரம்பத்தில் ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்கு நிதி திரட்டக் கனேடியக் கலைஞர்கள் பலர் கூடி அதைப் பாடினார்கள். உலகக் கிண்ண வடிவத்திலோ போரைப் பற்றிய வரிகள் நீக்கப்பட்டு விளையாட்டுக் கொண்டாட்டம் சேர்க்கப்பட்டது. ஸ்பானிய, அரபு மொழிக் கலைஞர்களுடன் சேர்ந்து பாடிய வடிவங்களும் வெளிவந்தன. அவரை உலகம் அறிந்தது இந்த வடிவத்தால்தான். அதே ஆண்டு ஜூனோ விருதுகளில் ஆண்டின் சிறந்த கலைஞர், சிறந்த பாடலாசிரியர் விருதுகளும் அவருக்குக் கிடைத்தன.

தன் மீதே தணிக்கை

2012 இல் மூன்றாவது அல்பமான ‘கன்ட்ரி, கோட் ஓர் த கேர்ள்’ வந்தது. அந்த டிசெம்பரில் கெய்னான் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரை பேசப்பட்டது. புதிய இரசிகர்கள் அமெரிக்கப் பதின்ம வயதுப் பெண்கள் என்றும், வானொலிக்கு ஏற்றபடி வரிகள் மாறவேண்டும் என்றும் இசை நிறுவனத்தார் ஆலோசனை சொன்னதை அதில் விவரித்தார். கட்டாயப்படுத்தியதாக அவர் எழுதவில்லை. தானே தன்னைத் தணிக்கை செய்ததாகவே எழுதினார். பாத்திமா மேரியாகவும், மொகமட் அடமாகவும் மாறிவிட்டதாகச் சொன்னார். ஒரு தீர்க்கதரிசியின் நடையைப் பழகப் போய்த் தன் சொந்த நடையையும் மறந்த நரியின் கதையை அதில் நினைவுகூர்ந்தார். நமக்கு மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி நினைவுக்கு வரும்.

நம்மவர்களுக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. ‘எம்.ஐ.ஏ.’ என்ற மாதங்கி அருள்பிரகாசம் 2007 இல் வெளியிட்ட இரண்டாவது அல்பம் ‘கலா’வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் வரும் துப்பாக்கி ஓசைகளை எம்.டி.வி. மங்கச்செய்தே ஒளிபரப்பியது. அங்கே வெட்டியது வெளியார். கெய்னானின் அனுபவம் அதைவிட நுட்பமானது. கத்தரிக்கோல் மெல்ல மெல்லக் கலைஞரின் கைக்கே வந்துவிடுகிறது.

பெரிய ஒலியைத் தேடுவது துரோகம் அல்ல. அந்த ஒலி இல்லாவிட்டால் மொகடிசுவின் கதை இத்தனை காதுகளை எட்டியிராது. 2010 ஆனியில் அந்தக் கொண்டாட்டப் பாட்டு உலகெங்கும் ஒலித்த நாட்களில், வவுனியா மெனிக் முகாமில் எம் மக்கள் இன்னும் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொருந்தியிருக்கக்கூடிய வரிகள் மூலப் பாட்டில் இருந்தன, விளம்பரத்தில் இருக்கவில்லை. இன்று மேடையேறும் எங்கள் இளம் சொல்லிசைக் கலைஞர்கள் கவனிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்: தாளத்தை மாற்றலாம், பாத்திமாவின் பெயரை மாற்றினால் பாட்டு யாருடையது என்பதே மாறிவிடும்.

2024 இல் சமூக மாற்றத்துக்கான சிறந்த பாடல் என்ற சிறப்புக் கிராமி விருது கெய்னானுக்குக் கிடைத்தது. அந்தப் பாடலின் பெயர் ‘ரெஃபியூஜி’, அகதி.