பால்மரத்திலிருந்து பல் ஈறு வரை

சோஃபி என்ற ரப்பர் ஒட்டகச்சிவிங்கி 1961 மே 25 அன்று பாரிஸில் பிறந்ததாக அதைச் செய்பவர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சு நாட்காட்டியில் அன்று புனித சோஃபியின் நாள். பெயர் அப்படி வந்தது. உயரம் 18 சென்டிமீட்டர். உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள், அமுக்கினால் கீச்சென்று சத்தம். பல் முளைக்கும் குழந்தைகள் கடித்துக் கடித்தே உலகப் புகழ் பெற்ற பொம்மை. 5 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனால் இதன் கதையை நான் பாரிஸில் தொடங்க மாட்டேன். இது மரத்தின் பால். அந்தப் பால் வந்த வழியில் நம்மவர்கள் நிற்கிறார்கள்.

1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சொற்பம். நாற்றுகளில் பெரும்பங்கு இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் பெரும்பரப்பு ரப்பர் காடாக மாற அடுத்த நாற்பது ஆண்டுகள் போதுமாயிருந்தன. அந்தக் காட்டை உண்டாக்கக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்கள் அதைப் பால்மரம் என்றார்கள், கித்தா என்றார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு மர நிரைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறினால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பால் சுருங்கும். மேலிருந்து கீழாகச் சரிவாக, மெல்லிய சீவலாகப் பட்டையை இழைக்க வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் முடிச்சு விழும், மறுபடி வெட்ட வராது. மழை வந்தால் அன்றைய பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றிக் காண்டா என்ற தோள்கம்பில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்தால்தான் நிறுவை.

பெண்களும் பால் வெட்டினார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அவர்கள் நிரைக்குப் போனார்கள். தோட்டத்துக்கு ஒன்றென்று இருந்த அந்தக் கொட்டகைகளில் எத்தனையோ குழந்தைகளுக்கு முதல் பல் முளைத்தது. சோஃபியைப் பற்றிய விளம்பரங்களில் மரம் வருகிறது, இயற்கை வருகிறது. வெட்டிய கை வருவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இன்று அந்தத் தோட்டங்களில் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன.

பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பிறகு சுழற்றி நீரைப் பிரித்துக் கெட்டியாக்குவார்கள். பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்து ரூமியி ஊரில் இருக்கும் வுல்லி நிறுவனம் அதை அச்சில் ஊற்றிச் சுழற்றிச் சூடேற்றுகிறது. உள்ளீடற்ற ஒட்டகச்சிவிங்கி உருவாகிறது. பிசிறு நறுக்குவதும் வண்ணம் பூசுவதுமாக ஒவ்வொன்றும் 14 கட்டங்களைத் தாண்டித்தான் வெளியே வருகிறது.

நீண்ட கழுத்தும் மெலிந்த கால்களும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. மூன்று நான்கு மாதக் குழந்தையின் விரல்கள் பந்தைப் பற்ற முடியாமல் தவிக்கும், இந்தக் காலைப் பற்றிக்கொள்ளும். பற்றியது நேராக வாய்க்குப் போகும். கீழே இருந்து பல் முட்டும்போது மேலிருந்து ஓர் அழுத்தம் கிடைத்தால் ஈறுக்கு இதம். கடிபொருள் செய்யும் வைத்தியம் அவ்வளவுதான், அதுவே போதும். ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் களிம்பை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூச வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. பல் வலி தணியுமென்று குழந்தையின் கழுத்தில் கட்டும் அம்பர் மணிமாலையும் கூடாது என்றது. கழுத்து இறுகும், மணி தொண்டையில் சிக்கும்.

சோஃபிக்கும் குறை உண்டு. சத்தம் வருவதற்கான துளை வழியாக எச்சிலும் நீரும் உள்ளே போனால், வெளியே தெரியாமல் பூஞ்சை பிடிக்கும். அதனால் கொதிக்க வைக்கவோ நீரில் முக்கவோ கூடாது; ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். எதையும் கொதிநீரில் போட்டெடுத்தால்தான் நம் வீடுகளில் நிம்மதி வரும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் துளையில்லாத, ஒரே துண்டாக வார்த்த சிலிக்கோன் வளையத்தையே நான் சொல்வேன். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்துக் கொடுக்கலாம். உறைய வைத்தால் ஈறு புண்ணாகும். உள்ளே திரவம் நிரப்பியவை வேண்டாம், பல் பட்டு ஓட்டை விழும். ரப்பர் பால் ஒவ்வாத குடும்பமென்றாலும் சோஃபியை விட்டுவிட வேண்டியதுதான்.

மரத்தின் பால் என்பதால் இதற்கு மூப்பும் உண்டு. வெயிலும் எண்ணெய்க் கையும் எச்சிலும் பட்டுப் பட்டுப் பிசுபிசுக்கும், வெடிப்பு விடும். அந்த நிலையில் துண்டு பெயர்ந்து தொண்டைக்குள் போகலாம். அக்காள் உடுத்தியதைத் தங்கைக்கு உடுத்துவது நம் வழக்கம். சட்டையை, தொட்டிலை, நடைவண்டியை அப்படியே கொடுங்கள். கடித்த ரப்பரை மட்டும் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த குழந்தைக்குப் புதிதாக வாங்குங்கள்.