டாப்சோனும் நீல உதடும்

1930களில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் சிகிச்சை என்றால் நீரடிமுத்து எண்ணெய்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் காய்க்கும் அந்தக் கொட்டையின் எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போடுவார்கள். வலி அதிகம், பலன் சொற்பம்.

அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் 1940களின் நடுவில் டாப்சோனைக் கையில் எடுத்தார். 1908இல் ஜெர்மனியில் ஃப்ரோம், விட்மன் என்ற இரு வேதியியலர்கள் உருவாக்கிய பொருள் அது. நஞ்சு என்று அஞ்சி மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அமெரிக்காவின் கார்வில்லில் 1941இல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதும் அதன் வழிப்பொருளான புரோமின்தான். காக்ரேனோ அசல் டாப்சோனையே கடலை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டார். பின்னாளில் அது மலிவான மாத்திரையாகி, தொழுநோய்க் கூட்டு மருந்துச் சிகிச்சையில் தினமும் 100 மில்லிகிராம் என்று நிலைத்தது.

அஞ்சியவர்கள் அடியோடு தவறவில்லை. கல்லீரலில் டாப்சோன் மாறி உண்டாகும் ஒரு பொருள், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பைத் தாக்கி அதை மெத்ஹீமோகுளோபினாக்கிவிடும். அப்படி மாறிய இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்காது. எஞ்சிய நல்ல ஹீமோகுளோபினும் தான் பிடித்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விடாது. சாதாரணமாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டிய மெத்ஹீமோகுளோபின் பத்து, பதினைந்தைத் தாண்டினால் உதடும் நகமும் நீலம் பூக்கும். இன்னும் ஏறினால் தலைவலி, மூச்சுத்திணறல், மயக்கம். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. வடிதாளில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், வெறும் ஆக்சிஜன் குறைவு என்றால் காற்றுப் பட்டுச் சிவக்கும். மெத்ஹீமோகுளோபின் என்றால் சாக்லேட் பழுப்பாகவே கிடக்கும்.

காக்ரேன் சில காலம் முதல்வராக இருந்த வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இத்தகைய சிகிச்சையிலும் கீமோதெரபியிலும் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வரக்கூடும். அதைத் தடுக்கும் முதல் மருந்து கோட்ரைமாக்சசோல். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்றாக உலகெங்கும் தரப்படுபவற்றில் டாப்சோனும் ஒன்று. தொழுநோயாளியின் மாத்திரை புற்றுநோயாளியின் கைக்கு வந்தது இப்படித்தான்; பக்கவிளைவும் கூடவே வந்தது.

ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. அவர் மலையூர்க்காரர் என்றால் இன்னும் கடினம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சிக்கு மாத்திரையோடு திரும்பும் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், ஏற்றமும் பூண்டுக்காட்டு வேலையும்தான் காரணம் என்று வீட்டில் நினைத்துவிடலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்ப முடியாது. மெத்ஹீமோகுளோபின் கூடும்போது அது 85 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். ஆக்சிஜன் வைத்தும் அந்த எண் ஏறாவிட்டால் மருத்துவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

மருந்தை நிறுத்துவது முதல் வேலை. நிலைமை மோசமானால் மெத்திலீன் நீலத்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். 1876இல் துணிச்சாயமாகப் பிறந்த அது, இரும்பைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். ஆனால் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது பலிக்காது, சிவப்பணுக்களையே உடைக்கும். புற்றுக்கட்டி சிதையும்போது ஏறும் யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் ராஸ்பூரிகேஸும் அவர்களுக்கு அதே ஆபத்தைத் தரும். ஆகவே டாப்சோனுக்கும் ராஸ்பூரிகேஸுக்கும் முன்னால் இந்த நொதிக்கான ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது.