குழந்தைகள் அவசர சிகிச்சை

குழந்தைகள் அவசர சிகிச்சை என்பது, உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் குழந்தைக்கு, நோய் இன்னதென்று உறுதியாகும் முன்பே மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் சீராக்கும் மருத்துவப் பிரிவாகும். சிகிச்சை தொடங்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததே இதன் வரலாறு.

தனிப் பிரிவின் தேவை

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. சற்று வீங்கினாலும் மூச்சுத் திணறும். வயிற்றுப்போக்கில் உடல்நீர் விரைவில் வற்றிவிடும். இரத்த ஓட்டம் குன்றிய பின்னும் குழந்தையின் இரத்த அழுத்தம் வெகுநேரம் குறையாமல் இருக்கும். அது குறையும்போது நிலைமை முற்றியிருக்கும். ஆகவே பெரியவர்களுக்கான அளவுகோல் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

தாயின் கையில் முதல் சிகிச்சை

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினர். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, கரைசல் பெற்றவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஊர்தோறும் கிடைப்பது இதன் வழிவந்ததே.

வாசலில் தரம்பிரித்தல்

வந்த வரிசைப்படி பார்க்கும் முறையில், நோய் முற்றிய குழந்தை வரிசையிலேயே இறக்க நேரிடும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பிளான்டயர் மருத்துவமனையில் குழந்தைகளை வாசலிலேயே தரம்பிரித்துப் பார்த்தபோது இறப்புகள் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதற்கான பயிற்சி நூலை வெளியிட்டது.

தமிழ்நாட்டில்

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இத்துறையில் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முக்கிய நிலையம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது; மருத்துவமனையை அடையும் முன்பே சிகிச்சை தொடங்க வழி பிறந்தது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் தொடங்கப்பட்டது. வேங்கிக்கால் போன்ற நகரை ஒட்டிய ஊர்களுக்கு இது அருகிலேயே உள்ளது. சவ்வாது மலைக் கிராமங்களுக்கோ இன்றும் மலைப்பாதையைக் கடக்கும் நேரமே பெரும் சவால்.

ஆபத்து அறிகுறிகள்

பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, மயக்கம் ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.