மலைக்குளிரும் கூடாரத் தையலும்



கேமரன் மலையில் மாணவர் முகாம் என்று அறிவித்தவுடன் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் இருக்கும் கூடாரம் போதுமா, ஆசிரியரே?" என்பதே. நம் கடைகளில் கிடைக்கும் எடை குறைந்த கூடாரங்களில் பெரும்பாலானவை வெப்பத்தைக் கருதி அமைந்தவை. உட்கூடாரத்தின் மேற்பாதி கொசுவலையாகவே இருக்கும். இரவில் 15 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரும் மலையில் அவ்வலை வழியே காற்று தாராளமாக நுழையும். வலை முழுவதையும் நெகிழித்தாளால் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர். கத்தரிக்கோலை எடுக்குமுன், இச்சிக்கலை எதிர்கொண்ட சிலரின் வரலாற்றைக் கேளுங்கள்.

எட்வர்ட் விம்பர் இலண்டனைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். 1861ஆம் ஆண்டு மாட்டர்ஹார்ன் மலையில் அவர் முகாமிட்டபோது கூடாரம் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அதைக் கழற்றி, அதன்மேலேயே அமர்ந்திருக்க நேர்ந்தது. பின்னர் அவர் தாமே ஒரு கூடாரத்தை வடிவமைத்தார். நான்கு மரக்கழிகள், பருத்தித் துணிக் கூரை, ரப்பர் பூசிய துணியாலான தரை. அத்தரைத்துணியைப் பக்கச் சுவர்களிலும் சிறிது உயரம் ஏறுமாறு அமைத்தார். தரையோடு தவழ்ந்து வரும் குளிர்காற்று அங்கேயே தடைபட்டது. இன்றைய கூடாரங்களின் தரை தொட்டிபோல் விளிம்பு உயர்ந்திருப்பதும் இதே முறைதான். அவருடைய கூடாரத்தின் எடை ஏறத்தாழ 10 கிலோ! மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க இலேசான கூடாரங்களைப் பின்னாளில் பரப்பியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். தொழிலால் அவர் தையற்காரர் என்பதில் வியப்பில்லை.

நமக்கு மிகவும் பயன்படும் பாடம் தென்துருவப் பகுதியில் கிடைக்கிறது. 1911ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவர் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி, துருவ இருளில் புறப்பட்டனர். குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை வரை சென்றது. குளிரைத் தடுக்கக் கூடாரத்தின் உட்புறம் இன்னொரு துணியையும் கட்டியிருந்தனர். ஐந்து வாரங்களுக்குப் பின் திரும்பியபோது எடை பார்த்தனர். 16 கிலோ இருந்த கூடாரமும் உட்துணியும் 27 கிலோ ஆகியிருந்தன. செர்ரி-கரார்டின் உறங்குபை 8 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு ஏறியிருந்தது. எடையைக் கூட்டியதில் அவர்களுடைய மூச்சும் வியர்வையும் உறைந்த பனிக்கட்டிக்கும் பங்குண்டு.

நம் மலையில் பனிக்கட்டி ஏது என்பீர்கள். இங்கே உறையாது, சொட்டும். முழுவதும் மூடிய கூடாரத்தில் நான்கு பிள்ளைகள் உறங்கினால் அவர்கள் மூச்சிலுள்ள ஈரம் நெகிழித்தாளில் படிந்து, போர்வையை நனைக்கும். நனைந்த போர்வை குளிரைத் தடுக்காது. விடியுமுன் பிள்ளை நடுங்கும்.

ஆகவே வலையின் கீழ்ப்பகுதியை மட்டும் மூடுங்கள். பூச்சில்லாத மெல்லிய நைலான் துணி போதும். விளிம்பில் வெல்க்ரோ தைத்தால் பகலில் கழற்றிவிடலாம். உச்சியில் ஒரு சாண் வலையாவது திறந்திருக்கட்டும். வெளிக்கூரை உட்கூடாரத்தைத் தொடாதவாறு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். உடற்சூட்டைத் தரையும் உறிஞ்சும். அடியில் நுரைப்பாய் விரிப்பது இன்றியமையாதது. அடுப்பையோ கரியையோ எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுசெல்லாதீர்கள்; அந்த நச்சுக்காற்றுக்கு மணமில்லை, உறங்குபவர் எழுவதில்லை.

இன்னொன்று: தையல் வேலை உட்கூடாரத்தோடு நிற்கட்டும். வெளிக்கூரையில் குத்தும் ஒவ்வோர் ஊசித்துளையும் மழைக்கு வழி. தவிர்க்க முடியாமல் அங்கே தைக்க நேர்ந்தால், அத்துணிக்கு ஏற்ற பசையைத் தையலின்மேல் பூசி, ஒரு நாள் உலரவிட்டு, வீட்டு முற்றத்தில் நீர் ஊற்றிப் பார்த்தபின் மடியுங்கள்.