கற்பனை நாட்டின் மெய்ச் சரித்திரம்

ஒரு நாட்டின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் முதலிலே தேடுவனவற்றுள் ஒன்று அந்நாட்டின் நாணயம். அரசன் பெயர், அவன் ஆண்ட காலம், அவனது வாணிகம், அவனது வறுமை ஆகிய யாவும் ஒரு செப்புக் காசிலே அடங்கிக் கிடத்தல் கூடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாட்டிலும் நாணயம் உண்டு. அது செம்பும் அன்று, வெள்ளியும் அன்று. குளிர்பானப் போத்தலின் தகர மூடி. அந்நாடும் பூமியில் இல்லாத நாடு. 'ஃபோல்அவுட்' என்னும் பெயரால் 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கணினி விளையாட்டிலே தோன்றி, பின்வந்த பல விளையாட்டுகளிலும், 2024இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலும் வளர்ந்த விஞ்ஞானப் புனைகதை நாடு அது.

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிச் சரித்திரம் படித்தவர் பேசுவானேன் என்று நேயர்கள் ஐயுறலாம். காரணம் உண்டு. அவ்விளையாட்டின் அபிமானிகள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் ஒரு வழக்கை நடத்தி வருகின்றனர். இது மெய்யான ஃபோல்அவுட், அது போலி என்பதே அவ்வழக்கு. நடவாத ஒன்றிலே மெய் எது, போலி எது? எந்த அளவுகோல் கொண்டு அவர்கள் அளக்கின்றனர்? இதனை ஆராய்ந்தபோது, அவர்கள் கையிலிருக்கும் அளவுகோல் நம் பாடசாலைச் சரித்திர வகுப்பிலிருந்து எடுத்ததுபோலவே எனக்குத் தோன்றிற்று.

விளையாட்டின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டில் இன்டர்பிளே என்னும் கலிபோர்னியக் கொம்பனி, அணுப்போரின் பின் எஞ்சியோரைப் பற்றி 'வேஸ்ட்லாண்ட்' என்றொரு விளையாட்டை உருவாக்கிற்று. அப்பெயரின் உரிமை வேறொரு கொம்பனியிடம் இருந்தமையால், அதே நிலத்தை வேறு பெயரால் உழவேண்டியதாயிற்று. டிம் கெயின் என்பவர் 1994இல் பெரும்பாலும் தனியொருவராகத் தொடங்கிய வேலை, லெனர்ட் பொயார்ஸ்கி, ஜேசன் அண்டர்சன் முதலிய ஓவியர்களும் வந்து சேர, 1997 ஒக்டோபரில் நிறைவெய்தியது. அணுக்குண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கிப் படியும் நச்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே விளையாட்டின் பெயராயிற்று.

அவர்கள் படைத்த உலகின் சிறப்பு யாதெனில், அது நாம் எதிர்பார்க்கும் எதிர்காலம் அன்று; 1950களில் வாழ்ந்த அமெரிக்கர் எதிர்பார்த்த எதிர்காலம். வீட்டுவேலை செய்ய இயந்திர மனிதன், அணுச்சக்தியில் ஓடும் மோட்டார் வண்டி, புன்னகை மாறாத விளம்பரப் படங்கள். எங்கள் தந்தையர் காலத்து வானொலிப் பெட்டியினுள்ளே செம்மஞ்சளாய் ஒளிர்ந்த வால்வு நினைவிருக்கிறதல்லவா? அந்த வால்வையே நம்பி வளர்ந்த உலகம் அது. அவ்வுலகம் 2077ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் இரண்டு மணி நேர அணுப்போரிலே அழிந்துவிடுகிறது. நிலவறைகளுள் அடைபட்டவர்களும், வெளியே எப்படியோ பிழைத்தவர்களுமே மிச்சம்.

கதை தொடங்குவது 2161இல். பதின்மூன்றாம் இலக்க நிலவறையிலே நீரைச் சுத்திகரிக்கும் கருவியின் ஓர் உறுப்புப் பழுதாகிறது. மாற்று உறுப்பைத் தேடிவர ஒருவனை வெளியே அனுப்புகின்றனர். தவணை நூற்றைம்பது நாள். அவ்வுறுப்பு வேறொரு பாழ்நகரிலே கிடைக்கிறது. ஆனால் அந்நகரத்தாரும் அதனை நம்பியே உயிர்வாழ்கின்றனர். பழுதாய்க் கிடக்கும் அவர்களது நீரிறைக்கும் பொறியைத் திருத்திக் கொடாமல் உறுப்பை மட்டும் எடுத்துச் சென்றால், அவர்கள் தாகத்தால் மடிவர். விளையாடுபவனை எவரும் தடுப்பதில்லை. ஆயினும் விளையாட்டு மறப்பதில்லை. கதை முடிந்தபின், சென்ற ஊர் ஒவ்வொன்றுக்கும் உன் செயலால் என்ன நேர்ந்தது என்று ஒரு குரல் அமைதியாக எடுத்துரைக்கிறது.

இவ்விடத்தில் சற்றே தாமதிக்க விரும்புகிறேன். அம்முதல் விளையாட்டின் பகைவன், மனிதரை வலிமைமிக்க மாற்றுருவினராக்கி உலகத்தை ஒரே இனமாக்க முனைபவன். அவனைப் போரிட்டும் வெல்லலாம், போரின்றியும் வெல்லலாம். அவன் உருவாக்கிய இனம் பிள்ளைபெற இயலாத இனம் என்பதற்குச் சான்று தேடி எடுத்துச் சென்று காட்டினால், தன் வாழ்நாள் முயற்சி வீண் என்று கண்டு அவன் தானே அழிகிறான். சான்றுக்குத் தலைவணங்கும் பகைவனை விளையாட்டுகளிலே காண்பது அரிது. சரித்திரத்திலும் நான் அதிகம் கண்டதில்லை. வெற்றியுடன் திரும்பும் வீரனுக்குக் கிடைக்கும் பரிசு யாது? நாடுகடத்தல். வெளியுலகைக் கண்டவனை உள்ளே விட்டால் இளைஞர் யாவரும் வெளியேறிவிடுவர் என்று தலைவன் அஞ்சுகிறான். கொடியது எனினும் காரணம் உடையது.

காரணம் உடைமை என்னும் இந்தப் பண்பைத்தான் அபிமானிகள் மெய் என்கின்றனர் என்பது என் துணிபு. நீலச் சட்டை, கனத்த எஃகுக் கவசம், பழைய பாட்டு இவையெல்லாம் அதன் அணிகலன்கள். அணிகலனை எவரும் வாங்கிப் பூட்டலாம்.

தகர மூடிக்கு வருவோம். முதல் விளையாட்டிலே ஹப் என்னும் வணிக நகரத்தார் போத்தல் மூடிகளுக்குப் பின்பலமாக நின்றமையால் அவை காசாக வழங்கின. 1998இல் வந்த இரண்டாம் விளையாட்டு, அதற்கு எண்பது ஆண்டுகள் பிற்பட்ட கதை. முன்னே ஷேடி சாண்ட்ஸ் என்னும் சிற்றூராக இருந்த இடம் அதற்குள் புதிய கலிபோர்னியக் குடியரசின் தலைநகராகிவிட்டது. குடியரசு தன் சொந்த நாணயத்தை வெளியிட்டுவிட்டது. ஆகவே மூடிகள் செல்லாக்காசாயின. அரும்பாடுபட்டுத் தேடிக் கண்ட ஒரு புதையல் முழுவதும் போத்தல் மூடியாக இருப்பது அவ்விளையாட்டின் நல்ல நகைச்சுவைகளுள் ஒன்று. அரசு தோன்றினால் நாணயம் மாறும் என்று எந்தப் பாடநூலையும் திறவாமலே பிள்ளைகள் கற்றுக்கொண்டனர்.

பின்னர் உடைமையாளர் மாறினர். இன்டர்பிளே கொம்பனி நொடித்தது. 2003 டிசெம்பரில் அதன் படைப்புப் பிரிவு மூடப்பட்டது. பெத்தெஸ்டா என்னும் கொம்பனி 2004இல் அனுமதி பெற்று, 2007இல் 57 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு முழு உரிமையையும் வாங்கிற்று. படைத்தோர் பலர் அதற்குமுன்பே விலகிச் சென்றிருந்தனர். ஓர் உலகத்தை விலைக்கு வாங்கலாம். அதன் சரித்திரத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாகப் பொருளாகுமா என்பதே பின்னர் எழுந்த வழக்கு.

2008இல் வெளிவந்த மூன்றாம் விளையாட்டு கதையைக் கிழக்குக் கரைக்கு, வொஷிங்டன் நகரத்து இடிபாடுகளுக்கு, எடுத்துச் சென்றது. ஆண்டு 2277. கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. அதிலே ஒரு வானொலி நிலையமும் உண்டு. இடிபாடுகளின் நடுவே ஓர் அறிவிப்பாளர் பழைய பாடல்களை ஒலிபரப்பி, இடையிடையே செய்தியும் கூறுகிறார். அச்செய்தியோ விளையாடுபவன் நேற்றுச் செய்த நன்மை தீமை! வானொலியின் வலிமையை இவ்வளவு அழகாக உணர்ந்த படைப்பு எனக்குத் தெரிந்த அளவில் வேறில்லை. வெறிச்சோடிய வீடொன்றில், கட்டிலில் அருகருகே கிடக்கும் இரு எலும்புக்கூடுகள் தம் கதையைத் தாமே சொல்லுகின்றன. இது தொல்பொருள் ஆய்வாளரின் வழி, சரித்திரத்துக்கு அந்நியமானதன்று. அந்த ஆண்டிலே முதன்முதல் இவ்வுலகுக்குள் புகுந்தவர்களுக்கு இதுவே மெய்யான ஃபோல்அவுட். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனினும் பழைய அபிமானிகள் எழுப்பிய வினாக்களுக்கு விடை இல்லை. போர் முடிந்து இருநூறு ஆண்டாகியும் கடைகளில் பழைய உணவுப் பெட்டிகள் ஏன் கிடக்கின்றன? வயல் எங்கே? இம்மக்கள் எதை உண்கின்றனர்? இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஹப் நகர வணிகர் இல்லாத நாட்டிலே போத்தல் மூடியை எவர் நம்பினர்? முடிவுதான் பெரும் புயலைக் கிளப்பிற்று. கதிரியக்கம் நிறைந்த அறையினுள் ஒருவர் நுழைந்து உயிரைப் பலியிட வேண்டும். அருகிலோ கதிரியக்கத்தால் தாக்கப்படாத மாற்றுருவத் தோழன் நிற்கக்கூடும். முன்னொருமுறை அத்தகைய அறையினுள் நமக்காக நுழைந்து வந்தவனும் அவனே. இம்முறை, இது உன் விதி என்று கூறி மறுத்துவிடுகிறான்! தியாகம் என்று எழுதிய இடத்தில் அபிமானிகள் கண்டது முரண்பாடு. 2009இல் வந்த இணைப்பிலே கொம்பனி அம்முடிவை மாற்றியமைத்தது. வாசகர் கண்டனத்துக்காகக் கதையின் முடிவைத் திருத்துவது எழுத்தாளனுக்கு இழுக்கு என்போர் உண்டு. இங்கே திருத்தப்பட்டது கதை அன்று, கணக்கு. ஆகையால் திருத்தியது சரியே என்பேன்.

அடுத்த ஆண்டு, அதாவது 2010இல், பெத்தெஸ்டாவின் அனுமதியுடன் ஒப்சிடியன் என்னும் கொம்பனி 'நியூ வேகாஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆக்கியோருள் சிலர் பழைய இன்டர்பிளேயில் பணியாற்றியோர். ஏறத்தாழப் பதினெட்டு மாதத்தில் அவசரமாகச் செய்யப்பட்டமையால், வெளிவந்தபோது குறைகள் மலிந்திருந்தது. ஆயினும் பழைய அபிமானிகள் இதனை உச்சிமேல் வைத்துக் கொண்டாடினர். ஏன்? மீண்டும் நாணயத்தைப் பாருங்கள். எஃகுச் சகோதரர் என்னும் படையினர் குடியரசின் தங்க இருப்பைத் தாக்கி அழித்தனர். அதனால் குடியரசின் காகித நாணயம் மதிப்பிழந்தது. நம்பிக்கை இழந்த ஹப் வணிகர், நீரைப் பிணையாக வைத்துப் போத்தல் மூடிகளை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். குடியரசின் நூறு டொலர்த் தாளுக்கு நாற்பது மூடிகளே மாற்று. எதிரியான சீசரின் படையணியோ வெள்ளியும் பொன்னுமாய்க் காசடிக்கிறது. அவர்களது பொற்காசு ஒன்றுக்கு நூறு மூடி. போரில் எவர் கை ஓங்குகிறது என்று கேட்கவே வேண்டாம், சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாலே போதும். குடியானவர் குத்தகைக்குப் பயிரிடும் வயல்களும், அவற்றுக்குப் பாயும் நீரைப் பற்றிய தகராறும்கூட அங்கே உண்டு. இம்மக்கள் எதை உண்கின்றனர் என்ற வினாவுக்கு இரண்டே ஆண்டில் விடை வந்துவிட்டது.

2015இல் வந்த நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருந்தொகையாக விற்பனையாயிற்று, பேச்சிலே நான்கு விடைகளுக்கு மேல் கிடையாது என்று பலர் குறைப்பட்டனர். 2018இல் வந்த 'ஃபோல்அவுட் 76' பலர் கூடி ஆடும் விளையாட்டு. நீலச் சட்டை, மூடி, கவசம் என அணிகலன் யாவும் இருந்தன. வெளியான வேளையில் உரையாட ஒரு மனிதப் பாத்திரம் இருக்கவில்லை. எவருமில்லாத ஊரிலே உன் செயலை எவர் நினைவில் வைப்பார்? இருநூறு டொலர்ப் பதிப்புடன் கன்வஸ் பை தருவதாக விளம்பரம் செய்து நைலோன் பையை அனுப்பியது வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிற்று. 2020 ஏப்ரலில் மனிதரைக் கொண்டுவந்து குடியேற்றிய பின்னரே அவ்வூர் தலைநிமிர்ந்தது.

2024 ஏப்ரலில் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பழையவரும் புதியவரும் ஒருங்கே வரவேற்றனர். ஆயினும் ஒரு காட்சி பெருஞ் சலசலப்பை ஏற்படுத்திற்று. நிலவறைப் பாடசாலை ஒன்றின் கரும்பலகையிலே ஷேடி சாண்ட்ஸின் வரலாறு எழுதப்பட்டிருந்தது. அதன் வீழ்ச்சி 2277 என்று காணப்பட்டது. நியூ வேகாஸின் கதை நிகழ்வதோ 2281இல். அங்கே குடியரசு குன்றாமல் நின்று போர் புரிகிறது. அப்படியாயின் நியூ வேகாஸில் நாம் கண்டதெல்லாம் நடவாததா என்று அபிமானிகள் கொதித்தெழுந்தனர். ஓர் ஆண்டு இலக்கத்துக்காக இவ்வளவு கோபமா என்று சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. என் வகுப்பில் ஓர் ஆண்டைத் தவறாகக் கூறும் மாணவனுக்காக அவ்வளவு கோபப்பட ஒருவரும் முன்வந்ததில்லையே என்றுதான் நினைத்தேன். குண்டு வீழ்ந்தது நியூ வேகாஸ் நிகழ்ச்சிகளுக்குச் சற்றுப் பின்னரே என்று பெத்தெஸ்டாவின் டொட் ஹவர்ட் விளக்கம் கூறினார். அதன்பின் அபிமானிகள் அப்பலகையை மீண்டும் உற்றுநோக்கலாயினர். 2277 என்ற இலக்கத்தருகே குண்டுப் புகைக் குடையின் படம் வரையப்பட்டிருக்கிறது. இலக்கத்திலிருந்து படத்துக்கு ஓர் அம்புக்குறி செல்கிறது. அவ்வாண்டிலே தொடங்கியது சரிவு, குண்டு வந்தது அம்பு முனையில் என்பது ஒரு சாராரின் வாசிப்பு. அம்பின் நீளம் எத்தனை ஆண்டு என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.