வண்டியிலிருந்து இறங்கிய கோதுமை



1900 வாக்கில் கனடாவின் சமவெளியில் கோதுமை குதிரை வண்டியில்தான் ரயில் நிலையம் வந்தது. அங்கே உயரமான தானியக் கிடங்கு. வண்டியை எடை போட்டு, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பலகையைத் திறந்தால் கோதுமை குழியில் கொட்டும். வாளிகள் கோத்த பட்டை அதை மேலே ஏற்றும். வேலை சுலபம். ஆனால் எடையும் தரமும் கிடங்குக்காரர் சொன்னதுதான்.

பிடிக்காதவர்கள் மேடையில் வண்டியை நிறுத்தி, தாங்களே ரயில் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார்கள். ஒரு புஷல் 27 கிலோ, முதுகு ஒடியும். அதற்கும் பெட்டி கிடைக்க வேண்டுமே! கிடங்குகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். பதிந்த வரிசைப்படி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. மீறிய ரயில்வே ஏஜென்ட் மீது 1902இல் சின்டலூட்டாவில் விவசாயிகள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள்.

"வரிசையில் நில்லுங்கடா" என்று உங்களை அதட்டியிருக்கிறேன். வரிசைதான் எளியவனுக்குப் பாதுகாப்பு என்று அன்று சொல்லத் தோன்றவில்லை. இன்று சொல்கிறேன்.