ஆளெடுப்பு: காபித் தோட்டமும் துப்பாக்கியும் நிலமும்

கிளியூர் அருவிக்கு இறங்குகிற பாதையில் காபித் தோட்டங்கள். அருவி பார்க்கப் போகிறவர்கள் 'பசுமை' என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிடுகிறார்கள். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பதுவரை சுற்றுலாக் கையேடு சொல்லும். காடழித்துக் குழி வெட்டியவர்களை என்ன பெயரால் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லாது. அவர்களுக்கு ஒரு பொதுப்பெயர் இருந்தது: 'ஆள்'.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஒரு தொந்தரவு. வினையாக வந்தால் அதிகாரம்: ஆள்கிறவன் அரசன். பெயராக வந்தால் அதிகாரத்துக்குக் கீழே கிடக்கிறவன்: பண்ணையாள், படியாள். சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவர் ஓர் ஓலையை நீட்டி இவன் என் அடிமை என்று வழக்காடியதைத் 'தடுத்தாட்கொண்ட' கதை என்று பக்தியோடு படித்தோம். மனிதனை எழுதி வாங்குகிற வழக்கம் ஊரில் இல்லாமல் அந்த ஓலை எப்படிச் செல்லுபடியாகும் என்று வகுப்பில் யாரும் கேட்கலை. கோயிலுக்கு விற்கப்பட்ட ஆட்கள் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். பின்னால் எஸ்டேட்டுக்கும் 'ஆளெடுப்பு', பட்டாளத்துக்கும் 'ஆளெடுப்பு' என்றானது. இந்த இரண்டு ஆளெடுப்புக்கும் நடுவில் விடுதலை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க உள்நாட்டுப் போரை லிங்கன் அடிமைகளை விடுவித்த கதையாக நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நடந்தது வேறு. 1861 மே மாதம் தென்னவர்களின் அரண் வேலையிலிருந்து தப்பிய மூன்று அடிமைகள் வர்ஜீனியாவில் வடக்கின் கையிலிருந்த மன்றோ கோட்டையில் தஞ்சம் புகுந்தார்கள். தளபதி பட்லர் திருப்பி அனுப்ப மறுத்தார். அவர் சொன்ன காரணம் மனிதாபிமானம் இல்லை. எதிரியின் போர்ச் சரக்கைக் கைப்பற்றும் உரிமை. அந்தச் 'சரக்கு' ஆயிரக்கணக்கில் நடந்து வந்தபோது வடக்கு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 1863 ஜனவரி 1 பிரகடனம் கலகப் பகுதி அடிமைகளை விடுவித்ததோடு, அவர்களைப் படையில் சேர்க்கவும் வழி திறந்தது. சுமார் 1,79,000 கறுப்பர்கள் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். மாசச்சூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு சம்பளத்தையே வாங்க மறுத்துச் சண்டை போட்டது. 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சமச்சம்பளத்தை ஏற்றது. கடைசியில் 1865 மார்ச்சில் தோற்றுக்கொண்டிருந்த தெற்கும் அடிமைகளைப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டது. அதை எதிர்த்த தென்னாட்டுத் தளபதி ஹவல் காப் உண்மையை உளறிவிட்டார்: அடிமை நல்ல சிப்பாய் ஆவானென்றால் நம்முடைய அடிமைக் கோட்பாடே தப்பு என்பது அவர் கவலை.

இந்தச் செய்தியை நம் பக்கத்தில் சரியாக வாசித்தவர் ஜோதிராவ் புலே. 1873இல் வெளிவந்த 'குலாம்கிரி'யை அடிமை ஒழிப்புக்காக அமெரிக்க மக்களுக்கே சமர்ப்பித்தார். நாம் எப்படி வாசித்தோம்?

இங்கே அடிமை ஒழிப்பு சத்தமே இல்லாமல் நடந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் யாரையும் 'விடுவிக்கவில்லை'. அடிமை மீது எஜமானுக்குள்ள உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று மட்டும் சொன்னது. ஆண்டைக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போகிற படியாள் எத்தனை பேர்? பதினாறு வருஷம் கழித்து, 1859இல், முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப்போனால் சிறை என்று இன்னொரு சட்டம் வந்தது. ஓலை போய் அட்வான்ஸ் வந்தது, அவ்வளவுதான். தோட்ட முதலாளிகளுக்கு வசதியாக இருந்த அந்தச் சட்டம் 1925 வரை ஒழிக்கப்படவில்லை.

பட்டாளம் மட்டும் வேறு மாதிரி. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மெட்ராஸ் ராணுவத்தில் பறையர்கள் இருந்தார்கள். கையில் ரொக்கச் சம்பளம், உடுப்பு, பென்ஷன். ஆண்டையின் களத்துமேட்டிலிருந்து தூரம். 1857இல் மெட்ராஸ் ராணுவம் பெரும்பாலும் கலகத்தில் சேரவில்லை. இதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள், சேரியில் இருந்தவனுக்கு எந்த அரசு அதுவரை சொந்தமாக இருந்தது என்பதையும் எழுதணும்.

ஆனால் விசுவாசத்துக்கும் பலன் கிடைக்கவில்லை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியத் தலைமைத் தளபதியானபோது, 'போர்க்குல'க் கொள்கை ராணுவத்தின் வேதமாயிற்று. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்றார்கள். 1892இல் மஹர்களைச் சேர்ப்பது நின்றது. 1917இல் ஆள் தட்டுப்பாடு வந்ததும் 111ஆம் மஹர் படை; 1921இல் கலைப்பு. 1933க்குள் மெட்ராஸ் காலாட்படைகளும் பயனியர் படைகளும் போய், சாப்பர்கள் எஞ்சினார்கள். காப் பயந்தது இங்கே தலைகீழாக நடந்தது: தாழ்த்தப்பட்டவன் நல்ல சிப்பாய் என்று நிரூபித்த பிறகும் கோட்பாட்டை மாற்றாமல் சிப்பாயை மாற்றினார்கள். சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் வற்புறுத்திய பிறகு, 1941இல்தான் மஹர் ரெஜிமெண்ட் உருவானது.

துப்பாக்கியைப் புனிதமாக்குவது என் நோக்கமில்லை. விடுதலையான கறுப்புச் சிப்பாய்களை 1866க்குப் பிறகு செவ்விந்தியர்களுக்கு எதிராக நிறுத்தினார்கள். நம் சாப்பர்கள் சீனாவிலும் பர்மாவிலும் ஏகாதிபத்தியத்துக்குப் பாதை போட்டார்கள். அடிமை ஆயுதம் ஏந்தினால் விடுதலை தானாக வந்துவிடாது. ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு அவன் எங்கே நிற்கிறான், யாருடைய மண்ணில், என்பதுதான் விஷயம்.

1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலையான குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை என்று உத்தரவிட்டார். அதே வருஷம் ஜனாதிபதி ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பினார். இங்கே செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீரின் அறிக்கையையொட்டி 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் பின்னால் இருந்தது. அந்த நிலம் இன்று யார் கையில்? 1994இல் அதே செங்கல்பட்டுப் பகுதியில், காரணையில், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தாச்சு. மூன்றாவது முறையாக ஒழிக்க வேண்டியிருக்கிற ஒன்று முதல் இரண்டு முறையும் ஒழியவில்லை என்றுதானே அர்த்தம்? 'ஆள்' என்ற பெயர்ச்சொல்லைச் சட்டத்தால் நீக்கிவிடலாம். அது வினைச்சொல்லாக மாற நிலம் வேணும்.